இருபது அடி தூரத்தில் புனித லூசியா

நெரெய்தா ஒலிவாஸுக்குக் கண் சிமிட்டுவது மறந்துபோயிருந்தது. சொன்னவர் கண் டாக்டர். ஆனால் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். இந்த விஷயத்தில் நல்லதாக நடந்தவற்றில் பாதிக்கு மேல் என் கைவேலைதான். கெட்டதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதத்தான் போகிறேன்.

எல்லையோர ஊரான எல் பாசோவில் அலமேடா சாலையில் டயர் கடை என்றால் என் கடைதான். பெயர்ப்பலகையில் ரெஃபூஹியோ அர்மெந்தாரிஸ் என்று இருக்கும், மரியாதையாகக் கூப்பிடுவது தோன் கூக்கோ என்று. எல்லைக்கு அந்தப் பக்கம், பர்ராலில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினேழு வயதில் ஒரு கால்பம்பும் இரண்டு டயர் லிவரும் வைத்துக்கொண்டு, இதே சாலையில் ஒரு முசுக்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்தேன். இன்று ஒரே நேரத்தில் மூன்று லாரியை ஜாக்கியில் ஏற்றலாம். யாரும் கொடுத்ததில்லை, நானே செய்தது.

கடைக்குப் பின்னால் பழைய டயர் போட்டுவைத்த நீள அறை ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, ஜன்னல் வைத்து வாடகைக்கு விட்டேன். நெரெய்தா அதில்தான் குடியிருந்தாள். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஒன்று நடந்து முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம். காலை ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்தில் உதவியாளாக ஏறி, பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு எட்டரைக்குத் திரும்புவாள். ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு மணி வரை வகுப்பு. இரண்டரைக்கு மறுபடியும் பேருந்து. ஐந்து மணிக்கு வந்து வீட்டுப்பாடம், அதுவும் அதே லேப்டாப்பில். வாத்தியார் வேலைக்கான படிப்பு. பல்கலைக்கழகம் அறுநூறு மைலுக்கு அப்பால் இருந்தது. நான்கு வருடமாக அதில் படித்தவள் அதன் வாசற்கதவு என்ன நிறம் என்று பார்த்ததில்லை. அவளுக்குப் பல்கலைக்கழகம் என்றால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு திரை. அதற்குள் முப்பது தலைகள்.

பிள்ளைகளை அவள் இறக்கிவிடும் அதே பள்ளியில் ஆகஸ்டில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் இடம் ஒன்று காலியாவதாக இருந்தது. சான்றிதழோடு வந்தால் அது உனக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

பிப்ரவரியில் எங்கள் ஊரில் மண்காற்று தொடங்கும். எல்லாருக்கும் கண் சிவக்கும். அதனால் அவள் கண் சிவந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் பேருந்துக்குப் போகும்போது கையை நெற்றியில் குடை மாதிரி பிடித்துக்கொண்டு என் கவுண்டரைத் தாண்டுவாள்.

"என்னம்மா, வெயிலே இல்லையே?"

"உள்ள இருந்து குத்துது, தோன் கூக்கோ. கண்ணுக்குள்ள உங்க கடை மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. இமையை மூடினா ஒட்டிக்குது, திறந்தா எரியுது."

"மண்காத்து."

"மண்காத்து ரூமுக்குள்ளயா அடிக்குது?"

ஒரு நாள் பேருந்தில் ஒரு சிறுமியை ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிடப் பார்த்திருக்கிறாள். ஐந்து மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அரைமணி நேரத்துக்குத் தெருவில் உள்ளதெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியுமாம். டிரைவர் கத்தியதில் குழந்தை தப்பியது. அன்று சாயங்காலம் அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். மறுநாளே என் வண்டியில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்த டாக்டரின் காருக்கு நான்கு டயரும் என்னிடம் வாங்கியவை. வரிசையில் நிற்கவில்லை.

டாக்டர் அரைமணி நேரம் பார்த்தார். "பவர் மாறல. நோயும் ஒண்ணுமில்ல. திரையைப் பாக்கும்போது நீங்க கண்ணே சிமிட்டறதில்ல. அதான் காஞ்சு போகுது" என்றார்.

"சிமிட்டச் சொல்லிக் கொடுக்கவா டாக்டர் வேணும்?" என்றேன் நான்.

"நீங்க வெளியில உக்காருங்க, தோன் கூக்கோ."

அவர் சொன்ன வைத்தியம் எளிது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது, இருபது நொடி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வண்டியில் திரும்பும்போது நெரெய்தா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"மூணு இருபதையும் யார் எண்ணறது? அதை எண்ண இன்னொரு திரையைப் பாக்கணும்."

நான் இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை? டேப் எடுத்து அறையை அளந்தேன். நீளம் இருபத்து மூன்று அடி. அவள் மேசை வலதுகோடியில், பிளக் இருக்கும் பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்தது. இடதுகோடிச் சுவரில் சரியாக இருபதாவது அடியில் தெரிகிற மாதிரி ஆணி அடித்து, புனித லூசியா படத்தை மாட்டினேன். கண் நோவுக்கு எங்களுக்கு அவள்தான். கையில் தட்டு ஏந்தி, தட்டில் இரண்டு கண்களோடு நிற்பாள். என் மனைவி ஒஃபேலியா வாசலில் நின்று பார்த்தாள்.

"கிழவா, புனிதையை டயர் கடைப் பக்கம் மாட்டறியே. தட்டுல இருக்கிற கண்ணுலயும் கிரீஸ் அப்பிவிடப் போற."

"நீ வாயை மூடு கிழவி. இருபது அடி. ஒரு விரல் கூடக் குறைச்சல் கிடையாது."

இருபது நொடிக்கும் வழி கிடைத்தது. நிதானமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, சிலுவை போட்டு, கட்டைவிரலை முத்தமிட்டால் சரியாக இருபது நொடி. இது ஒஃபேலியாவின் யோசனை என்று அவள் சொல்லிக்கொள்கிறாள். இருக்கட்டும்.

இருபது நிமிடத்துக்கு, டயருக்குக் காற்றடைக்கும் என் கம்ப்ரசர்.

அந்த கம்ப்ரசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அறைக்கும் கடைக்கும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஓர் ஆள் உயர டேங்க். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கி நானே பிரித்து நானே பூட்டியது. இதில் ஒரு பொட்டுக் காற்று கசியாது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சுவிட்சை அணைப்பதே இல்லை. டேங்கில் காற்று குறைந்தால் 'தொம்' என்று தானே ஓடத் தொடங்கும், நிறைந்தால் தானே நிற்கும். வேலை நெருக்கடியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடும். கடை சும்மா கிடந்தால் இருபது நிமிடம்.

"அதோட 'தொம்' கேட்டா நான் லூசியாவைப் பாக்கறேன். வேற கடிகாரமே வேண்டாம்" என்றாள் நெரெய்தா.

மூன்று மாதம் இப்படியே போனது. எரிச்சல் முழுதாக விடவில்லை என்றாலும் தெருவில் பெயர்ப்பலகை படிக்க முடிந்தது. சாயங்காலங்களில் சாமந்திக் கஷாயத்தில் துணி நனைத்துக் கண்ணில் போட்டுக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருப்பாள். 'தொம்' என்றால் துணிக்குக் கீழேயே உதடு அசையும். நாங்கள் சிரிப்போம். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது. ஒரு கையை மட்டும் ஆட்டுவாள்.

கடைசித் தேர்வு மே மாதம் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. லேப்டாப்பின் கேமரா வழியாக ஒரு மென்பொருள் காவல் காக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, போன் இருக்கக் கூடாது. சனிக்கிழமை என்றால் எனக்குத் திருவிழா மாதிரி வியாபாரம். கடையை அடைத்தேன். பையன்களை வீட்டுக்கு அனுப்பினேன். பக்கத்துக் கார்க் கண்ணாடிக் கடைக்காரனிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் இருந்ததே இல்லை. கம்ப்ரசரை மட்டும் அணைக்கவில்லை. பழக்கமில்லை.

நான்கு நாள் கழித்து அவள் போனுக்குக் கடிதம் வந்தது. அவள் கவுண்டருக்கு வந்து போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க. எனக்கு எழுத்து நெளியுது."

நான் படிப்பதற்குள் விடிந்துவிடும் என்று ஒஃபேலியா பிடுங்கிப் படித்தாள். தேர்வு நடந்த மூன்று மணி நேரத்தில் எட்டு முறை மாணவி திரையை விட்டு இடதுபக்கம் பார்த்தார். எட்டு முறையும் ஏறக்குறைய இருபது நிமிட இடைவெளி. எட்டு முறையும் பார்ப்பதற்கு முன் வெளியிலிருந்து ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் உதடு அசைந்தது. நெற்றியையும் மார்பையும் இரு தோள்களையும் தொட்டுச் சைகை செய்தார். வெளியாள் ஒருவர் சமிக்ஞை கொடுத்ததாகச் சந்தேகம். விடைத்தாள் செல்லாது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம்.

"வெளியாளா? யாரு அது?" என்றேன்.

"உங்க கம்ப்ரசர்" என்றாள் நெரெய்தா. சிரிக்கவில்லை. டயர் விலைப்பட்டியல் மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்துவிட்டாள். "விட்டுடலாம்னு தோணுது. சண்டை போடணும்னா கடிதம் எழுதணும், படிவம் நிரப்பணும். எல்லாத்துக்கும் அதே திரை. இன்னும் எத்தனை மணி நேரம் அதைப் பாக்கறது? பஸ் வேலையே போதும்."

"பைத்தியமா உனக்கு? நான் வந்து சொல்றேன். என் பேச்சை அலமேடாவுல எவனும் மறுத்ததில்ல."

"அவங்க அலமேடாவுல இல்லையே."

அவள் போன பிறகு ஒஃபேலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கிழவா, அன்னைக்குக் கடை அடைச்சிருந்தது. யாரும் காத்து பிடிக்கல. கசியாத டேங்க் எதுக்குத் தானா ஓடுச்சு?"

பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்ததுதான். அடிப்பக்கம் குழாய் சேரும் ஜாயிண்ட்டில் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' உண்டு. காதை வைத்தால்தான் கேட்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது விசாரணை என்று வந்து எவனாவது காதை வைத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோவிலுக்குப் போன நேரத்தில், நான் டேப் சுற்றி, ஸ்பேனர் போட்டு அதை இறுக்கினேன். நல்ல வேலை, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னேனே, கெட்டதில் என் பங்கு, அது இதுதான். வாரநாளில் பையன்கள் காற்று பிடித்துக்கொண்டே இருந்ததால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நெரெய்தாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வியாழக்கிழமை அவள் கேட்டதால் கடையை மறுபடி அடைத்தேன். லேப்டாப்பில் இரண்டு முகங்கள். குழுத் தலைவி திருமதி தாக்ஸ்டன், நரைத்த கூந்தல்காரி. இன்னொருவர் புகார் எழுதிய பேராசிரியர் லிண்டெல். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நெரெய்தா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சீட்டைக் காட்டினாள். லேப்டாப்பைத் திருப்பி லூசியாவைக் காட்டினாள். ஜெபத்தைச் சொன்னாள். அவள் குரல் தேய்ந்த பிரஷ் மாதிரி இருந்தது. அதிகம் விளக்கம் சொல்லும் நிலையில் அவள் இல்லை.

"கண் விஷயம் எனக்குப் புரியுது" என்றார் பேராசிரியர். "சத்தம்தான் புரியல. கடை மூடியிருந்ததுன்னு சொல்றீங்க. சும்மா இருக்கிற மெஷின் எப்படி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கரெக்டா ஓடும்?"

"எங்கயோ கசிவு இருக்கணும் சார். கடை சும்மா இருந்தா அப்படித்தான் ஓடும். இன்னைக்கும் கடை மூடித்தான் இருக்கு. கொஞ்சம் இருந்தா நீங்களே கேக்கலாம்" என்றாள் நெரெய்தா.

"கூட்டம் ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

நெரெய்தா சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் இரண்டும் வெந்த தக்காளி மாதிரி இருந்தன. கோபம் இல்லை, கேள்விகூட இல்லை. களைப்புதான். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்ட களைப்பு. லேப்டாப்பை மூட அவள் கை நகர்ந்ததையும் பார்த்தேன்.

வாசலில் நின்ற ஒஃபேலியா, "கிழவா" என்றாள்.

எனக்கு எழுபத்தொரு வயது. வரி ஆபீஸ்காரனிடம்கூட நான் தலை குனிந்ததில்லை. கேமராவுக்குள் முகத்தை நீட்டினேன்.

"அம்மா, ஐயா, அந்த கம்ப்ரசர் கசியும். பதினோரு வருஷமா கசியுது. கசியலைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சது நான். போன ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாம இறுக்கினதும் நான். வெக்கமா இருந்துச்சு, இறுக்கிட்டேன். இவளுக்குத் தெரியாது."

"இது ரொம்ப வசதியான பதிலா இருக்கே" என்றார் பேராசிரியர்.

"வசதியா? இதைச் சொல்றதுக்குப் பதிலா நான் என் கடையையே வித்திருப்பேன். வாங்க, காட்டறேன்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நடந்தேன். ஒஃபேலியாவிடம் பிடிக்கக் கொடுத்தேன். கேமராவில் தெரிகிற மாதிரி குனிந்து, ஸ்பேனர் போட்டு, ஞாயிற்றுக்கிழமை இறுக்கியதைத் தளர்த்தினேன். 'ஸ்ஸ்' வந்தது. கொஞ்சம் கூடிப்போனது போல இருந்தது, திரும்பக் குறைத்தேன். பதினோரு வருடம் கேட்ட சத்தம், எந்த அளவென்று காதுக்குத் தெரியும். டேங்க் நிறைந்து தானே நின்றதும் லேப்டாப்பை மேசைக்கே கொண்டுவந்து வைத்தேன்.

"இனி எவ்வளவு நேரம்?" என்றார் திருமதி தாக்ஸ்டன்.

"இருபது நிமிஷம்."

அவர் மணி பார்த்தார். "எனக்கு ஒரு மணிக்கு அடுத்த கூட்டம். சரி, இருக்கேன்."

எல்லோரும் காத்திருந்தோம். திருமதி தாக்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றி, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தார்.

"இன்னைக்கு இது ஆறாவது கூட்டம்" என்றார். பிறகு, "அந்தத் தட்டுல என்ன?" என்று கேட்டார்.

"கண்ணு, மேடம்" என்றாள் நெரெய்தா.

"மாத்துக் கண்ணு ரெண்டு கைவசம் வச்சிருக்காங்க. கெட்டிக்காரி" என்றார் அவர்.

பேராசிரியருக்குப் பக்கத்தில் இன்னொரு திரை இருந்திருக்க வேண்டும். அடிக்கடி அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது பார்வை.

"ஐயா இடது பக்கம் பதினாலு தரம் பாத்துட்டார். நான் எண்ணினேன்" என்றேன்.

நெரெய்தா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். திருமதி தாக்ஸ்டன் இருமினார். பேராசிரியர் அதற்குப் பிறகு நேராகவே பார்த்தார்.

பதினைந்து நிமிடம் தாண்டியதும் நெரெய்தா கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டாள். கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. அன்று காலையும் ஐந்தரைக்குப் பேருந்து ஏறியவள். அளவு தப்பியிருந்தால்? பதினெட்டு ஆனது. பத்தொன்பது.

தொம்.

அவள் தலை தானே இடதுபக்கம் திரும்பியது. உதடு அசையத் தொடங்கியது. கை எழுந்து நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று போய், கட்டைவிரல் வாய்க்கு வந்தது. பிறகு தலை தானே திரையின் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"என்ன? சத்தம் வந்துச்சா?" என்றாள்.

திருமதி தாக்ஸ்டன் கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தார். "பேராசிரியரே?"

அவர் கொஞ்ச நேரம் கண்ணைக் கசக்கினார். "புகாரை வாபஸ் வாங்கறேன்" என்றார். "ஆனா விடைத்தாளை ஏற்கெனவே ரத்து பண்ணியாச்சு. அதைத் திருப்ப வழியில்ல. சனிக்கிழமை புதுத் தாள் எழுதணும். அதே மூணு மணி நேரம்."

"கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம்னு நான் எழுதிக் கொடுக்கறேன். இது எங்க தப்பு" என்றார் திருமதி தாக்ஸ்டன்.

நன்றி சொல்லி நெரெய்தா லேப்டாப்பை மூடினாள். மூடிய லேப்டாப் மேலேயே கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து ஒஃபேலியா பீன்ஸ் சுருட்டிய பர்ரிட்டோ ரொட்டி கொண்டுவந்திருந்தாள். தட்டு அப்படியே இருந்தது.

"இன்னும் மூணு மணி நேரம்" என்றாள் நெரெய்தா. "ஜெயிச்சதுக்குப் பரிசு."

"ஞாயிற்றுக்கிழமையே என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்று கன்னத்தை எடுக்காமலே சொன்னாள்.

"ஆமாம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை மேசையை நகர்த்தினேன். கேமராவுக்கு நேர் மேலே பார்வை போகிற மாதிரி மேசையை வலதுகோடியில் குறுக்கே போட்டு, லூசியாவை எதிர்க்கோடி நடுவில் மாட்டினேன். இனி எந்த மென்பொருளும் இடதுபக்கம் என்று சொல்ல முடியாது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று ஒஃபேலியா சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டது எது?

"கம்ப்ரசரை அணைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ வேண்டாம். அது இல்லன்னா நான் சிமிட்டவே மாட்டேன்."

சனிக்கிழமை எழுதினாள். பதினொன்றேகாலுக்கு வெளியே வந்து, பெஞ்சில் சாய்ந்து, சாமந்தித் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு மத்தியானம் மூன்று மணி வரை தூங்கினாள். சனிக்கிழமைக் கூட்டம் அவளைச் சுற்றிப் போய்வந்தது. டயர் கழற்றும் சத்தத்துக்கெல்லாம் அசையவில்லை. கம்ப்ரசர் ஓடிய போதெல்லாம் தூக்கத்திலேயே உதடு அசைந்தது.

தேறிவிட்டாள். ஆகஸ்டிலிருந்து இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் வரும்போது இன்னும் களைத்துத்தான் வருகிறாள், ஆனால் தெருவில் கையைக் குடை பிடிப்பதில்லை.

ஜாயிண்ட்டை நான் திரும்ப இறுக்கவில்லை. போன வாரம் ஒரு லாரிக்காரன் டேங்குக்குப் பக்கத்தில் குனிந்தவன், "தோன் கூக்கோ, காத்து கசியுதே" என்றான்.

"தெரியும். கசியும்" என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.